புயலுக்குப் பெயர் வைத்தவருக்கு ஒரு பதில்

பெறுநர்: திரு. ஹென்றி பிடிங்டன், கல்கத்தா (1858இல் காலமானார்).

பொருள்: சுந்தரவனம், மாத்லா ஆற்றங்கரையில் துறைமுக நகரம் அமைத்தல் – தங்கள் ஆட்சேபணை – தொடர்பாக.

பார்வை: கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பிரபுவுக்குத் தாங்கள் 1853இல் எழுதிய கடிதம்.

ஐயா,

'சைக்கிளோன்' என்ற சொல்லையே உலகத்துக்குத் தந்தவர் தாங்கள் என்பதை இவ்வலுவலகம் அறியும். வங்கக் கடலின் புயல்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் என்பதும் கோப்பில் இருக்கிறது. ஆனால் தாங்கள் நிலம் வாங்கி விற்றவர் அல்லர். துறைமுகம் எங்கே அமையக்கூடாது என்று சொல்லும் தகுதி தங்களுக்கு எப்படி வந்தது?

ஹூக்ளி ஆறு மண்மேடிட்டு வருகிறது, கல்கத்தாவுக்குக் கப்பல் வராமலே போய்விடும் என்று வணிகர் சங்கத்தார் அஞ்சினார்கள். வணிகர் அஞ்சினால் அது கொள்கை முடிவு. அறிந்தவன் அஞ்சினால் அது மனு. தாங்கள் கடிதம் எழுதிய அந்த ஆண்டே மாத்லா கரையில் எட்டாயிரம் ஏக்கருக்கு மேல் 11,000 ரூபாய்க்கு வாங்கினோம். புயலோடு கடல் எழும்பி, 5 முதல் 15 அடி வரை உப்புத்தண்ணீர் ஊரை மூடும் என்றீர்கள். நிலம் அவ்வளவு மலிவாகக் கிடைத்தபோதும் எங்களில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

டல்ஹௌசிக்கு அடுத்து வந்த கானிங் பிரபுவின் பெயரை ஊருக்குச் சூட்டினோம். பெரிய மனிதர் பெயரை வைத்துவிட்டால் பாதி ஊர் கட்டியாகிவிட்டது என்று பொருள். ஊர் எழும்புவதற்குள் 1862இல் நகராட்சியும் வந்தது. குடியே இல்லாத நகராட்சியில் குடிநீர் வரவில்லை என்று புகாரும் வராது. ரயிலும் விட்டோம். பெர்டினாண்ட் ஷில்லர் என்ற வணிகர் நகராட்சியின் கடன் பத்திரங்களை வாங்கிக்கொள்ள மனமுவந்தார். கைமாறாக இலவச நிலமும் டிராம் பாதை போடும் தனி உரிமையும் போதும் என்றார். தியாகம்!

1864 அக்டோபரில் கல்கத்தாவையே ஒரு புயல் அடித்தது. பல்லாயிரம் பேர் செத்தார்கள். அதன் பிறகாவது தங்கள் கடிதத்தைத் தேடி எடுத்திருப்போம் என்று நினைக்கிறீர்கள். இல்லை, ஐயா. பிணங்கள் கரை ஒதுங்கிய அடுத்த ஆண்டே போர்ட் கானிங் கம்பெனி கடை விரித்தது. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர்; அதனால் பருத்தி விற்றுக் கொழுத்திருந்த பம்பாய்ப் பணம் பாய்ந்து வந்தது. பங்கு முகமதிப்பைத் தாண்டிப் பல மடங்கு ஏறியது. வாங்கியவர்களில் எத்தனை பேர் மாத்லா சேற்றில் கால் வைத்திருப்பார்கள் என்று கேட்பது அநாகரிகம். சேற்றில் நின்று கரை கட்டிய கூலிகளைப் பற்றிக் கேட்பது அதைவிட அநாகரிகம்.

1867 நவம்பர் 1. தங்கள் கடிதத்தின் மீது உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது. எடுத்தது கடல். ரயில் நிலையம், சரக்குக் கொட்டகை, ஹோட்டல் எல்லாம் போயின. எனினும் ஒன்றைச் சுட்டிக்காட்டக் கடமைப்பட்டுள்ளோம்: தாங்கள் 15 அடி வரை பயமுறுத்தினீர்கள், வந்தது சுமார் 6 அடிதான். தங்கள் கடிதம் மிகையானது என்பது இதனால் நிரூபணமாகிறது.

சில ஆண்டுகளில் துறைமுகத்தைக் கைவிட்டோம். ஆனால் கம்பெனி சாகவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு ஜமீன்தார் ஆனது. கப்பல் கட்டணம் வசூலிக்க வந்தவர்கள், மண் கரைக்குப் பின்னால் உயிரைப் பிடித்துக்கொண்டு நெல் விளைவித்தவனிடம் குத்தகை வசூலித்தார்கள். கடல் உடைத்தால் கரை அவனுடையது. விளைந்தால் நிலம் கம்பெனியுடையது. இதற்கு மேல் அலுவலக மொழியில் எழுதக் கை கூசுகிறது: கொள்ளை, ஐயா, பச்சைக் கொள்ளை.

அந்த ரயில் இன்றும் ஓடுகிறது. கானிங்கிலிருந்து விடிவதற்குள் ஏறும் பெண்கள் கொல்கத்தா வீடுகளில் பாத்திரம் தேய்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். 2009இல் ஐலா புயல் சுந்தரவனத்தின் கரைகளை உடைத்து வயல்களில் உப்பை நிரப்பியது. 2020இல் ஆம்பன் மறுபடி உடைத்தது. இரண்டு முறையும் நிவாரணம் அறிவிக்கப்பட்டது.

நகல்: கடலோரத்தில் அடுத்து அமையவிருக்கும் துறைமுகத் திட்ட அலுவலகத்துக்கு. வரைபடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, இணைப்பிலுள்ள எச்சரிக்கைக் கடிதத்தைத் திருப்பி அனுப்பவும்.