ஐந்து நான்கான கதை

டேவ் புரூபெக் குழுவினர் 1959-இல் ஐந்து எண்ணிக்கைத் தாளத்தில் இசைத்துப் பிரசித்தமாக்கிய 'டேக் ஃபைவ்' உருப்படியிலிருந்து ஒரு துணுக்கும், மார்லீனா ஷாவின் மேடைப் பாட்டிலிருந்து ஒரு துணுக்குமாகக் கத்தரித்தெடுத்து, நடன விடுதிக்கு உகந்த நான்கு எண்ணிக்கையில் ஓடவிட்ட பிரெஞ்சுக்காரர் லுடோவிக் நவார், 'சேன் ஜெர்மேன்' என்ற நாமதேயத்துடன் 2000-இல் 'டூரிஸ்ட்' ஆல்பத்தைத் தந்தபோது, அதை வெளியிட்டது ஜாஸ் இசைத்தட்டுகளுக்கே பேர்போன சாக்ஷாத் புளூ நோட் கம்பெனியே. ஆடுவது அநாகரிகமென்றிருந்த ஜாஸ் பண்டிதர்கள், அந்த முத்திரையைத் தரிசித்த மாத்திரத்தில், மேஜைக்கடியில் பாதத்தை அசைக்கத் தங்களுக்கு அனுமதி கிடைத்ததாகக் கருதினார்கள். ஜாஸ் என்றாலே நித்திரைக்கு ஔஷதமென்றிருந்த இளைஞர்களோ, ஒரே இரவில் ரசிகசிரோன்மணிகளானார்கள். (கால் வலிக்க ஆடியே ஞானம் பெறலாமென்றால் யார்தான் வேண்டாமென்பார்?) நவாரின் அடுத்த ஆல்பம் 2015-இல்தான் வந்தது; யந்திரம் சங்கீதத்தை அவசரப்படுத்திவிட்டதென்று பிரலாபிப்போர், இந்தப் பதினைந்து வருஷத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்வார்களாக.