இரண்டு ஏணியில் ஒரு மாலுமி

அமெரிக்கக் கடற்படையில் 'சீமேன் டு அட்மிரல்-21' என்றொரு திட்டம் உண்டு. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். அட்மிரல் வெகு தொலைவு. தேர்வான மாலுமியைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி, முழுச் சம்பளமும் தந்து, கட்டணம், புத்தகத்துக்கென ஆண்டுக்கு 10,000 டாலர் வரை கொடுத்து, 36 மாதத்துக்குள் பட்டம் வாங்கவைத்து 'என்சைன்' ஆக்குவார்கள். அதிகாரி வரிசையில் அதுதான் முதல் படி.

வேடிக்கை இதுதான்: படிக்கும் காலத்திலும் மாலுமி வரிசையில் பதவி உயர்வுக்கு அவர் தகுதியானவரே. ஆகவே பகலில் கால்குலஸ். இரவில் அந்தப் பதவி உயர்வுக்காகப் பீரங்கிப் பராமரிப்புக் கையேடு. இன்னும் சில மாதத்தில் கழற்றி வைக்கப்போகும் பதவிக்கு இத்தனை முட்டி மோதலா? கல்யாண மாப்பிள்ளையே மாப்பிள்ளைத் தோழன் வேலைக்கும் மனுப் போட்ட கதை!

சிரிக்கலாம். ஆனால் சம்பளம் இன்னும் மாலுமிக் கணக்கில்தான் வருகிறது. ஒரு படி ஏறினால் மாதாமாதம் காசு. படிப்பில் கோட்டைவிட்டால் திரும்பப் போவதும் பழைய மாலுமி வேலைக்குத்தான். மாலுமியின் மனைவிக்கு இந்தக் கணக்கு கால்குலஸ் இல்லாமலே புரிந்துவிட்டது.