வேலைக்குத் தயாராகாமல் இருப்பது எப்படி? ஓசூர்ப் பிள்ளைகளுக்கு ஓர் எளிய கையேடு

ஓசூர் சிப்காட் பக்கம் மின்கம்பங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தால் ஒரு நோட்டீஸ் கண்ணில் படும்: 'ஆட்கள் தேவை. பத்தாவது, பிளஸ் டூ, ஐ.டி.ஐ., டிப்ளமோ. பாஸ் அல்லது ஃபெயில். பஸ் உண்டு, சாப்பாடு உண்டு, ஓ.டி. உண்டு.' அந்தக் கம்பத்துக்கு எதிரே உள்ள ஓட்டலின் ஏ.சி. ஹாலில் மேலாளர்கள் கூடி, 'பிள்ளைகள் வருகிறார்கள், ஆனால் வேலைக்குத் தயாராக இல்லை' என்று வருத்தப்பட்டுக்கொண்டிருப்பார்கள். கம்பம் சொல்வதும் நிஜம், ஹாலில் சொல்வதும் நிஜம். நடுவில், கையில் பிளாஸ்டிக் ஃபைலோடு நிற்கிற தம்பி தங்கச்சிகளுக்காக எழுதப்பட்டது இந்தக் கையேடு. இதில் உள்ளபடி நடந்தால் ஜூஜூவாடி முதல் குருபரப்பள்ளி வரை எந்த கேட்டுக்குப் போனாலும் 'தயாராக இல்லை' என்ற பெயரைத் தவறாமல் வாங்கிவிடலாம்.

படி 1: பின்னத்தை ஆறாம் வகுப்பிலேயே விட்டுவிடுங்கள்

பின்னக் கணக்கு நடத்திய வாரம் உங்களுக்கு அம்மை போட்டிருக்கலாம். அப்பாவுக்குத் துணையாக மாந்தோப்புக்குப் போயிருக்கலாம். கவலை வேண்டாம். அடுத்த வாரம் தசமம் வந்துவிடும், அடுத்த வருடம் இயற்கணிதம் வந்துவிடும். விட்டுப்போன பாடம் விட்டதுதான், திரும்பி வராது என்று நம்புங்கள்.

அது ஐ.டி.ஐ. ஃபிட்டர் வகுப்பில் இரும்பாகத் திரும்பி வரும். வெர்னியர் காலிப்பரைக் கையில் கொடுப்பார்கள். அதில் நகரும் அளவுகோலில் 50 பிரிவுகள் இருக்கும். அந்த ஐம்பதும் பெரிய அளவுகோலின் 49 மில்லிமீட்டருக்குள் அடங்கியிருக்கும். ஒன்றிலிருந்து ஐம்பதில் நாற்பத்தொன்பதைக் கழித்தால் மிச்சம் ஐம்பதில் ஒன்று, அதாவது 0.02 மி.மீ. வெர்னியரின் சூட்சுமம் மொத்தமும் இவ்வளவுதான். நீங்கள் தோப்பில் இருந்த வாரம் நடந்த பாடமும் இதுதான்.

இப்போது என்ன செய்வது? 'லீஸ்ட் கவுன்ட் 0.02' என்று உருப்போட்டுக்கொள்ளுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள். முந்நூற்று இருபதில் ஒன்றுக்கு 'முந்திரி' என்று தனிப்பெயர் வைத்துக் கணக்குப் போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம் என்பதை வெளியே சொல்லவே சொல்லாதீர்கள்.

படி 2: தன்னம்பிக்கையை ஸ்லைடில் பாருங்கள்

ஐ.டி.ஐ.யில் முதல் ஆண்டுக்கு 1,200 மணி நேரம். செய்முறைக்கு 840, பாடத்துக்கு 240, எம்ப்ளாயபிலிட்டி ஸ்கில்ஸ் என்கிற வேலைத்திறன் வகுப்புக்கு 120. அந்த 120இல் இமெயில் எழுதுவது, நேரத்தை நிர்வகிப்பது, கைகுலுக்குவது எல்லாம் வரும். இரண்டு பஸ் மாறி, காலைச் சாப்பாட்டை டப்பாவில் கட்டிக்கொண்டு, எட்டரை மணிக்குள் வந்து சேரும் பிள்ளைக்கு நேர நிர்வாகம் கற்றுத் தருவது உயர்ந்த பணி. குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

ஒர்க்ஷாப் கால்குலேஷனில் பின்னமும் வரத்தான் செய்யும். ஏற்கெனவே தெரிந்தவருக்கு நினைவூட்டுகிற வேகத்தில் வந்து, கைகாட்டினாலும் நிற்காத பஸ் மாதிரி போய்விடும். வகுப்பு முடிந்த பிறகு உட்கார வைத்துச் சொல்லித்தர யாராவது இருக்கிறார்களா என்று தேடாதீர்கள். தேடினால் கிடைத்தாலும் கிடைத்துவிடும். அப்புறம் இந்தக் கையேட்டுக்கு வேலை இருக்காது.

படி 3: சான்றிதழ் சேருங்கள், இயந்திரத்தைத் தொடாதீர்கள்

'நான் முதல்வன்' திட்டம் 2022 மார்ச் 1ஆம் தேதி தொடங்கியது. 71 அரசு ஐ.டி.ஐ.களை 2,877 கோடி ரூபாயில் புதுப்பிக்கும் திட்டத்தில் ரோபோவும் நவீன இயந்திரங்களும் வந்தன. உண்மையாகவே நல்ல காரியங்கள் இவை. இவற்றை வீணாக்க உங்கள் ஒத்துழைப்பும் வேண்டும். ஆன்லைன் வகுப்பை ஓடவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய் டீ குடியுங்கள். கேள்விகளுக்கான விடைகள் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடும். ரோபோ முன்னால் நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடத்தில் ஃபைல் தடிக்கும். ஃபைல் தடித்தால் அறிவு தடித்ததாகத்தான் பொருள்.

படி 4: தெரிந்த மொழிகளை மறைத்து வையுங்கள்

ஓசூர்ப் பிள்ளை வீட்டில் தெலுங்கு பேசும், கடைவீதியில் கன்னடம் பேசும், பள்ளியில் தமிழ் படிக்கும், கிரிக்கெட் ஆடும்போது உருதுவில் சண்டை போடும். லைனில் பக்கத்தில் நிற்கிற ஒடிசாக்காரரிடம் ஆறே மாதத்தில் இந்தி கற்றுக்கொள்ளும். இப்படி ஐந்து மொழிக்காரர்களோடு ஒரே நாளில் வேலை வாங்கவும் வேலை கொடுக்கவும் தெரிந்த பிள்ளை நேர்முகத்துக்குப் போய் உட்காரும்.

'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்.'

பிள்ளைக்குத் தொண்டை காயும். தாளில் 'கம்யூனிகேஷன் பூவர்' என்று எழுதுவார்கள். ஸ்கூட்டரில் போல்ட் முடுக்குகிற வேலைக்கு எதற்கு இங்கிலீஷ் என்று கேட்டுவிடாதீர்கள். அந்த லைனின் சூப்பர்வைசர் கன்னடத்தில்தான் திட்டப்போகிறார் என்பது உங்களுக்கும் தெரியும், கேள்வி கேட்டவருக்கும் தெரியும்.

படி 5: பயோடேட்டாவை ஜெராக்ஸ் கடையில் வாங்குங்கள்

ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் ஒரு பயோடேட்டா எப்போதும் தயாராக இருக்கும். பெயரை மட்டும் மாற்றினால் போதும். முன்னால் வந்தவருடைய அப்பா பெயர் அப்படியே தங்கிவிட்டாலும் பெரிதுபடுத்த வேண்டாம். 'சவாலான சூழலில் பணியாற்றி நிறுவனத்தோடு சேர்ந்து வளர விரும்புகிறேன்' என்பது முதல் வரி. பொழுதுபோக்கு: புத்தகம் படித்தல், பாட்டுக் கேட்டல்.

எழுதக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். பாகலூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் ரோஜாவைத் தண்டின் நீளம் பார்த்து 40, 50, 60 சென்டிமீட்டர் என்று தரம் பிரித்தது. ராயக்கோட்டை மண்டியில் விடியற்காலையில் தக்காளிப் பெட்டி எண்ணிக் கணக்கு ஒப்படைத்தது. ராத்திரியில் நின்றுபோன கிணற்று மோட்டாரைப் பிரித்து ஓட வைத்தது. இவற்றில் ஒன்றையும் எழுதிவிடாதீர்கள். முதலாவதைக் கம்பெனியில் குவாலிட்டி என்பார்கள், இரண்டாவதை ஸ்டோர்ஸ் என்பார்கள், மூன்றாவதை மெயின்டனன்ஸ் என்பார்கள். மூன்று டிபார்ட்மென்ட்டிலும் கை பழகிய ஆள், 'முன் அனுபவம்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதுவதுதான் அடக்கம்.

படி 6: எப்போதும் பயிற்சியிலேயே இருங்கள்

முதலில் டிரெய்னி, அப்புறம் அப்ரண்டிஸ், அப்புறம் கான்ட்ராக்ட். கான்ட்ராக்ட் முடிந்ததும் பக்கத்து கேட்டில் மறுபடி டிரெய்னி. ஊரில் கேட்டால் 'கம்பெனியில் இருக்கிறான்' என்று அம்மா சொல்லிக்கொள்ளலாம். முப்பது வயது வரை உங்களைப் 'பையன்' என்றே கூப்பிடுவார்கள். இளமை காக்க இதைவிட மலிவான மருந்து கிடையாது.

இதற்கு ஒரே நிபந்தனை, கையெழுத்துப் போடும் தாளைப் படிக்கக் கூடாது. படித்தால் சில விவகாரமான செய்திகள் தெரிந்துவிடும். அப்ரண்டிஸ் என்பது 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ள சொல். அதற்குப் பதிவு செய்த ஒப்பந்தம் உண்டு, தேர்வு உண்டு, தேசிய அளவில் செல்லும் சான்றிதழ் உண்டு, உதவித்தொகைக்கு ஒரு கீழ்வரம்பும் உண்டு. ஐ.டி.ஐ. முடித்தவருக்கு அது மாதம் 7,700 ரூபாய் என்று 2019இல் வைத்தார்கள். அதே சட்டப்படி அப்ரண்டிஸ் தொழிலாளி அல்லர். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் தவிர, பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டிய கட்டாயமும் கம்பெனிக்கு இல்லை. வெறும் 'டிரெய்னி' என்று தாளில் போட்டிருந்தால் அது எந்த வகை என்று விசாரிக்க வேண்டும். நீங்கள் எதற்கு விசாரிக்கிறீர்கள்? 'எங்கே சார் கையெழுத்து?' என்று மட்டும் கேளுங்கள்.

தங்கச்சிகளுக்குத் தனிக் குறிப்பு ஒன்று. 'கல்யாணம் எப்போது?' என்ற கேள்வி நேர்முகத்தில் வரும். 120 மணி நேரப் பாடத்திட்டத்தில் அதற்கு விடை இல்லை. சிரித்து வையுங்கள்.

படி 7: எல்லையைத் தாண்டினால் எல்லாம் சரியாகிவிடும்

இங்கே சரிப்படவில்லை என்றால் கர்நாடகப் பக்கத்து அத்திப்பள்ளிக்கு பஸ் ஏறுங்கள். இன்னும் கொஞ்சம் போனால் பொம்மசந்திரா. வெர்னியர் அங்கே கன்னடத்தில் அளவு காட்டும் என்று யாராவது சொன்னாலும் நம்பிவிடுங்கள். 2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவை, தனியார் நிறுவனங்களில் மேலாளர் பதவிகளில் 50 சதவீதமும் மற்ற வேலைகளில் 70 சதவீதமும் உள்ளூர்க்காரர்களுக்கு என்று ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் கொடுத்து, எதிர்ப்பு வந்ததும் சில நாட்களுக்குள்ளேயே நிறுத்தி வைத்தது. நம் பக்கத்திலும் உள்ளூர் ஆளுக்கு வேலை கேட்கும் குரல் ஓயவில்லை. இரண்டு பக்கமும் 'உள்ளூர்' என்கிறார்கள். எல்லைக்கோட்டு மேல் நின்று பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பிள்ளை எந்த ஊர் என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

எச்சரிக்கை

இந்தக் கையேடு பலிக்காமல் போன ஊரும் ஒன்று உண்டு. அது இதே ஓசூர்தான். டாடா குழுமமும் தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் 1984இல் கூட்டாகத் தொடங்கிய டைட்டன், இங்கே ஆலை வைத்து 1980களின் பிற்பகுதியில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. அப்போது கைக்கடிகாரம் கோக்கத் தெரிந்த பிள்ளையை ஓசூர்ச் சந்தையில் வலைபோட்டுத் தேடினாலும் பிடித்திருக்க முடியாது. பள்ளி முடித்த சிற்றூர்ப் பிள்ளைகளை எடுத்து, பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்துப் பழக்கினார்கள். அதே நிறுவனம் 2002இல் 1.15 மி.மீ. தடிப்பே உள்ள இயந்திரத்தை வைத்து 'எட்ஜ்' என்ற கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தயாராக இருக்கும் ஆளுக்காக அன்றைக்குக் காத்திருந்தால் கேட்டைத் திறந்திருக்கவே முடியாது.

ஆகவே தம்பி, தங்கச்சி, மேலே சொன்ன ஏழு படிகளையும் தலைகீழாகப் பிடித்து இறங்கி வாருங்கள். கையெழுத்துக்கு முன்னால் தாளைப் படியுங்கள், அது அப்ரண்டிஸ் ஒப்பந்தமா என்று கேளுங்கள். ரோஜா தரம் பிரித்ததை பயோடேட்டாவின் முதல் வரியில் போடுங்கள். ஐந்து மொழியையும் எழுதுங்கள். கடைசியில் படி ஒன்றுக்கு வந்து சேர்ந்ததும் வெர்னியரைக் கையில் எடுத்துக்கொண்டு இன்ஸ்ட்ரக்டரிடம் போய், 'ஐயா, இந்த ஐம்பதில் ஒன்று எங்கிருந்து வந்தது?' என்று வாய்விட்டுக் கேளுங்கள். பத்து நிமிடத்தில் புரிகிற சங்கதி அது.

ஹாலில் கூடும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த கூட்டத்தை ஏ.சி. ஹாலில் வைக்காதீர்கள். சாயந்தரம் ஆறு மணிக்கு ஐ.டி.ஐ. வகுப்பறையில் வையுங்கள். ஆளுக்கொரு சாக்பீஸ் எடுத்துக்கொண்டு, ஆறாம் வகுப்புப் பின்னத்திலிருந்து தொடங்குங்கள்.