ஸ்கொட்லாந்தில் ஒரு பிரட்டுக்களம்

டன்டீ,
ஸ்கொட்லாந்து.

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

இங்கே நான் நலம். பசறையில் நீங்களும் பெரியம்மாவும் நலமாக இருப்பீர்கள். போன தடவை போனில், "டீச்சிங் ஃபெலோ என்றால் லெக்சரர்தானே?" என்று கேட்டீர்கள். லைன் வெட்டுப்பட்டது நல்லதாகப் போயிற்று, எனக்கு யோசிக்க நேரம் கிடைத்தது. லெக்சரர் படிப்பிப்பதையெல்லாம் நானும் படிப்பிக்கிறேன். முதலாம் வருடப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்து, தாள் திருத்தி, பரீட்சைக்கு முதல்நாள் அழுகிற பிள்ளைக்கு டிஷூவும் கொடுக்கிறேன். ஒப்பந்தம்தான் வருடத்துக்கு வருடம். அடுத்த வருடம் இருக்கிறதா என்று நானும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை.

நம்ம சின்னவளை நினைத்துப் பாருங்கள். மலையகப் பாடசாலைகளுக்கென்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர் உதவியாளர்களை எடுத்தபோது அவளும் போனாள். மாதம் ஆறாயிரம் ரூபாய் கொடுப்பனவு, பிறகுதான் பத்தாயிரம் ஆயிற்று. பஸ் காசுக்கே காணாது என்று பெரியம்மா தலையில் கை வைத்தது ஞாபகம் இருக்கிறது. இப்போது அவள் நிரந்தரமாகிவிட்டாள். குடும்பத்தில் அந்த இடம் காலியாகிவிடக்கூடாதே என்று நான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

ஊர் பழகிவிட்டது. பெயர்கள்தான் இன்னும் மனதைக் குழப்புகின்றன. பக்கத்தில் டன்சினன் என்று ஒரு குன்று இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் மெக்பெத் நாடகத்தில் வருகிற இடமாம், பார்க்க ஆட்கள் போகிறார்கள். எனக்கோ டன்சினன் என்றால் பூண்டுலோயாவில் சித்தி வீட்டுக்குத் திரும்புகிற தோட்டப் பாதை. வரைபடத்தைப் பிரித்தால் கிளன் என்று தொடங்கும் பெயர்கள் வரிசையாக வருகின்றன. கிளன்அல்பின் தோட்டத்து ஆட்கள் யாராவது எதிரே வருவார்களோ என்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத்தான் நடக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன புதன்கிழமை எங்களுக்கு வாண்மை விருத்தி நாள். பதுளையில் உங்களுக்கெல்லாம் செயலமர்வு வைப்பார்களே, அதன் அண்ணன். ஒன்பது மணிக்குப் பிரட்டு. கங்காணி கிடையாது, துரை கிடையாது. வாசலில் ஒட்டியிருக்கிற கறுப்பு வெள்ளைக் கட்டத்தைப் போனில் படம் பிடித்தால்தான் பேர் விழும். சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடியும் படம் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அரைப்பேர். அரைப்பேர் விழுந்தால் காசு குறையாது, ஆனால் வருட முடிவில் "வாண்மை விருத்தியில் அக்கறை காட்டினாரா?" என்று ஒரு படிவம் கேட்கும்.

இதற்கெல்லாம் மூலகாரணம் 1997இல் டியரிங் தலைமையில் வந்த ஓர் அறிக்கை. கெம்பஸில் படிப்பிக்கிறவர்களுக்கும் படிப்பிக்கப் பயிற்சி வேண்டும் என்று அது சொல்லிவிட்டது. இப்போது அட்வான்ஸ் ஹெச்.இ. என்கிற அமைப்பு அதற்குப் பட்டம் கொடுக்கிறது: அசோசியேட் ஃபெலோ, ஃபெலோ, சீனியர் ஃபெலோ, பிரின்சிபல் ஃபெலோ. சில்லறைக் கங்காணியிலிருந்து பெரிய கங்காணி வரைக்கும் ஒழுங்காக அடுக்கி வைத்திருக்கிறார்கள். நான் இரண்டாம் படிக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

முதல் அரை மணித்தியாலம் கூச்சம் தெளிகிற விளையாட்டு. "நீங்கள் ஒரு பிஸ்கட் என்றால் எந்தப் பிஸ்கட்?" பேராசிரியர்கள் எல்லாரும் மிகவும் யோசித்துப் பதில் சொன்னார்கள். என் முறை வந்ததும் மலிபன் லெமன் பஃப் என்றேன். அது என்ன என்று கேட்டு, விளக்கி, மற்றவர்கள் குறித்துக்கொண்டு, அடுத்தவர் வாய் திறப்பதற்குள் தேத்தண்ணி வேளை வந்துவிட்டது. தேத்தண்ணியைப் பற்றி எழுத மாட்டேன். ஊவாக் கொழுந்து கிள்ளிய கையால் சோறு தின்ற வீட்டுக்கு அதை எழுதி அனுப்புவது மரியாதை இல்லை.

தேத்தண்ணி மேசையில் வயதான ஒருவர் பிடித்துக்கொண்டார். அவருடைய தாத்தா ஊவாவில் தோட்டத்துரையாக இருந்தவராம். "உங்கள் குடும்பத்துக்கு அவரைத் தெரிந்திருக்குமோ?" என்று ஆசையாகக் கேட்டார். எங்கள் தாத்தாவுக்கு அவருடைய தாத்தாவை நன்றாகத் தெரிந்திருக்கும், அவருடைய தாத்தாவுக்கு எங்கள் தாத்தாவைச் செக்ரோலில்தான் தெரிந்திருக்கும் என்றேன். நல்ல மனுஷன், சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் சிரிக்கவில்லை. கடைசியில் தன் பிஸ்கட்டையும் எனக்கே தந்துவிட்டார்.

அடுத்தது பாடத்தின் நோக்கம் எழுதுவது. மாணவர் "விளங்கிக்கொள்வர்" என்று எழுதக்கூடாதாம், அதை அளக்க முடியாதாம். "கணிப்பர்", "ஒப்பிடுவர்", "வகைப்படுத்துவர்" என்று எழுத வேண்டும். எல்லாம் பெஞ்சமின் புளூம் என்கிற அமெரிக்கர் 1956இல் கட்டிய படிக்கட்டு. எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. 2007இல் நம் நாட்டில் தேர்ச்சி மையக் கலைத்திட்டமும் 5 ஈ முறையும் வந்தபோது, ஓய்வு பெற இருந்த உங்களையும் விடாமல் பதுளைக்குக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்து, "காலையில் பலகையில் இருந்த அஞ்சு ஈயும் மத்தியானம் சோத்துப் பார்சலுக்கு வந்துடுச்சு" என்று சொன்னீர்கள்.

மத்தியானத்துக்குப் பிறகுதான் எனக்கு நித்திரை கலைந்தது. தலைப்பு: மாணவரே மாணவருக்குக் கற்பித்தல். புத்தம் புதிய வழி என்ற மாதிரி படம் காட்டினார்கள். ஆளுக்கொரு மஞ்சள் துண்டு தந்து, "உங்கள் அனுபவத்தில் இதைக் கண்டிருக்கிறீர்களா?" என்று எழுதச் சொன்னார்கள். அந்தத் துண்டில் நம்ம தோட்டப் பள்ளிக்கூடத்தை எப்படி அடக்குவது, பெரியப்பா? ஒரே மண்டபம், ஐந்து வகுப்பு, நீங்கள் ஒரே ஆள். ஐந்தாம் ஆண்டுக்குப் புலமைப்பரிசில் கணக்கு, அதே மூச்சில் இரண்டாம் ஆண்டுக்கு எழுத்து. மார்கழி மழை தகரத்தில் விழுந்தால் யாருக்கும் ஒன்றும் கேட்காது. அப்போது பெரிய பிள்ளைகளை எழுப்பி, ஆளுக்கு நாலு சின்னப் பிள்ளைகளைப் பிடித்துக் கொடுப்பீர்கள். எனக்கு ஏழாம் வாய்ப்பாடு சொல்லித்தந்த அக்கா இப்போது பண்டாரவளையில் தாதியாக இருக்கிறாள். ஐந்தாம் ஆண்டிடம் கேட்ட கேள்விக்கு மூன்றாம் ஆண்டிலிருந்து பதில் வந்தால் நீங்கள் யாரையும் அடிக்கவில்லை, அந்தப் பையனை முன்னுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தீர்கள்.

துண்டில் எழுத இடம் இல்லாததால் எழுந்து பேசிவிட்டேன். இந்தப் புதிய வழி சென்னையிலிருந்து வந்தது என்றேன். இங்கிருந்து பஸ் ஏறினால் முக்கால் மணித்தியாலத்துக்குள் சென்ட் அன்ட்ரூஸ் வரும். அங்கே 1833இல் திறந்த பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் பெயர் மெட்ராஸ் கொலேஜ். அந்த ஊரில் பிறந்த அன்ட்ரூ பெல் என்ற பாதிரியார், எழும்பூரில் அநாதைப் பையன்கள் பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே இருந்த வாத்தியார்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஒருநாள் வழியில் நம்மவர் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டார். மணலைப் பரப்பி, எட்டு வயதுப் பையன் ஒருவனைச் சட்டாம்பிள்ளையாக்கிச் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கவைத்தார். 1797இல் அதை லண்டனில் புத்தகமாகப் போட்டார். மெட்ராஸ் முறை என்று இங்கிலாந்தெல்லாம் பரவியது. பெல்லை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்திருக்கிறார்கள். மணலில் எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகளின் வாத்தியார் பெயரை யாரும் குறித்து வைக்கவில்லை.

நான் பேசி முடித்ததும் சபை அமைதியானது. கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர் ஒரு விநாடிகூடப் பொறுப்பதில்லை, மூன்று விநாடி பொறுத்தால் நல்ல பதில் வரும் என்று மேரி பட் ரோ என்ற அம்மா ஆராய்ந்து சொன்னதைக் காலையில்தான் படித்திருந்தோம். எல்லாரும் மூன்று விநாடி பொறுத்தார்கள். பிறகு நடத்துகிற அம்மா, "மிகவும் சுவையானது, அதைத் துண்டில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்" என்றார். ஒட்டினேன். கூட்டம் முடிந்ததும் துண்டுகளையெல்லாம் உரித்துக் கூடையில் போட்டார்கள்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. என் விண்ணப்பத்தைப் பார்க்கிறவர் அங்கே இருந்திருக்கிறார். "அந்த ஒரே மண்டபப் பள்ளிக்கூடத்தை உங்கள் கட்டுரையில் சேருங்கள், பலமாக இருக்கும். ஆனால் சான்று வேண்டும்" என்கிறார். சாட்சி இல்லாமல் இங்கே ஒன்றும் செல்லுபடியாகாது. ஆகவே பெரியப்பா, ஜீ.எஸ். ஐயாவிடம் போய், இன்ன தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்புகளை நீங்கள் ஒரே ஆளாகப் படிப்பித்தீர்கள், பெரிய பிள்ளைகளை வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று ஒரு கடிதம் வாங்கி அனுப்புங்கள். சீல் தெளிவாக விழ வேண்டும், இங்கே ஸ்கேன் பண்ணி ஏற்ற வேண்டும். தோட்டத்து நிர்வாகம் சம்பளம் தந்த காலமா, அரசாங்கம் பொறுப்பெடுத்த பிறகா என்றும் குறிக்கச் சொல்லுங்கள். இரண்டும் என்றால் இரண்டும்.

பெரியம்மாவுக்கும் சின்னவளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் மகன்.

பி.கு.: கடிதத்தில் "வாத்தியார்" என்று மட்டும் போட்டால் இங்கே எடுபடாது. பக்கத்தில் "வளவாளர்" என்றும் போடச் சொல்லுங்கள்.