மண்ணுக்குள் போன 1,800 ரூபாய்

வீட்டுக்கு யார் வந்தாலும் செருப்பைக் கழற்றுவதற்குள், "எங்கே, அந்தக் கடல் மீன்?" என்பார்கள். நான் மூலையில் இருக்கும் தொட்டியைக் காட்டுவேன். அதில் உப்புத் தண்ணீர் இருக்கும், குமிழி விடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் இருக்கும், நடுவில் மணல் நிரப்பிய ஐஸ்கிரீம் டப்பா இருக்கும். அவ்வளவுதான். "உள்ளே படுத்திருக்கு" என்பேன். வந்தவர் என் மனைவியைப் பார்ப்பார். அவள் காபி போடுகிற சாக்கில் எழுந்து போய்விடுவாள்.

கொளத்தூரில் வாங்கிய மஞ்சள் ராஸ் அது. சுண்டுவிரல் நீளம், உடம்பெல்லாம் விரலி மஞ்சளை உரசிப் பூசியது போன்ற நிறம், முதுகுத் துடுப்பில் கறுப்புப் பொட்டு. கடைத் தொட்டியில் ஒரு கண்ணால் என்னையும் மறு கண்ணால் கடைக்காரரையும் எடைபோட்டுக் கொண்டிருந்தது. 1,800 ரூபாய். மனைவியிடம் 800 என்று சொன்னேன். இந்தக் கட்டுரை அச்சாகும்வரை அதுதான் உண்மை.

இந்த வகை மீனுக்கு மணல்தான் மெத்தை, போர்வை, தாழ்ப்பாள் எல்லாம். இருட்டினால் தலையைக் குத்தி ஒரு துள்ளு, ஆள் மாயம். பயந்தாலும் அதேதான். ஆனால் புதிய மீனைத் தனித்தொட்டியில் வைத்து மருந்து கொடுக்கும்போது தரையில் மணலே இருக்கக் கூடாது என்பது பொது விதி. வெள்ளைப்புள்ளி நோயைத் தரும் கிரிப்டோகாரியான் மீன்மேல் வயிறு நிறையத் தின்றுவிட்டு உதிர்ந்து, தரையில் ஒட்டி முட்டை மாதிரி கூடு கட்டிக்கொள்ளும். பிறகு அது வெடித்து, நூற்றுக்கணக்கில் நீந்தி அடுத்த மீனைத் தேடும். தாமிர மருந்து கொல்வது அப்படி நீந்துகிறவற்றை மட்டும்தான். கடல் தொட்டியில் வழக்கமாகப் போடும் பவழ மணலோ சுண்ணாம்பு. தாமிரத்தை அதுவே குடித்துவிட்டுச் சும்மா இருக்கும்.

மற்ற மீன்களுக்கு இரண்டு பிவிசி எல்போவைப் போட்டால் குடித்தனம் நடத்திவிடும். இது அந்த எல்போவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. முதல் ராத்திரி வெறும் கண்ணாடித் தரையில் டொக், டொக் என்று மூக்கை முட்டிக்கொண்டே இருந்தது. பக்கத்து அறையில் எனக்குத்தான் வலித்தது.

விடிந்ததும் அம்மாவின் தோசை மாவு டப்பாவைக் கைப்பற்றினேன். அது பிறப்பால் ஐஸ்கிரீம் டப்பா. அம்மா என்னோடு பேச்சை நிறுத்தினாள்.

மணலுக்கு மாமனார் பொறுப்பேற்றார். பெசன்ட் நகர் கடற்கரையிலிருந்து ஒரு பை நிறைய. "கடல் மீனுக்குக் கடல் மண்ணுதானே மாப்ள?" கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. ஒரு சிட்டிகை எடுத்து வினிகர் விட்டேன்; சோடாபோல் நுரைத்தது. சிப்பித் தூள், அதாவது மறுபடியும் சுண்ணாம்பு. சுண்டல் பொட்டலக் காகிதமும் ஒன்று கிடைத்தது, அதை அவரிடம் சொல்லவில்லை. கடைசியில் எங்கள் அடுக்ககத்தின் தண்ணீர் சுத்திகரிப்பு எந்திரத்துக்குப் போடும் ஃபில்டர் மணலில் இரண்டு கிலோவை பிளம்பர் தந்தார். வினிகருக்கு அது அசையவே இல்லை. அரிசி களைவதுபோல் ஏழு தடவை களைந்து, நாலு விரல் ஆழத்துக்கு நிரப்பி இறக்கினேன். மீன் ஒரு சுற்றுச் சுற்றியது. மூன்றாம் விநாடி காணோம்.

அப்போது மணி மதியம் இரண்டரை. அம்மா கட்டையைச் சாய்க்கிற நேரம். மறுநாளும் அதே இரண்டரை. பிறகுதான் உறைத்தது, அது இந்தோனேசியச் சரக்கு. அந்த நாட்டின் கிழக்குக் கோடியில் கடிகாரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடும். அங்கே அது அந்தி. ஆகவே ராத்திரி இரண்டரைக்கு விளக்கெரிய டைமர் வைத்து, தினம் கால் மணி நேரமாகத் தள்ளிக்கொண்டு வந்தேன். அவ்வளவு அதிகாலையில் விளக்கேற்றுகிற ஒரே வீடு எங்களுடையது என்று எதிர்வீட்டு மாமி பக்தியோடு விசாரித்தாள். நான் மறுக்கவில்லை.

நடுவில் நான்கு நாள் தலையே காட்டவில்லை. "டேய், செத்துக்கித்துப் போச்சாடா?" என்று அம்மா விரதத்தை முறித்தாள். தினம் அம்மோனியா பார்த்தேன். சின்னத் தொட்டி, பிணம் இருந்தால் எண் சட்டென்று எகிறும், எகிறவில்லை. ஆனாலும் மனசு கேட்குமா? ஐந்தாம் நாள் ஒரு கரண்டியோடு போய் நின்றேன்.

மனைவி பின்னாலிருந்து சொன்னாள்: "ஏங்க, 2020-ல உங்களை அந்த ரூம்ல தனியா போட்டிருந்தப்ப யாராவது வந்து போர்வையத் தூக்கிப் பாத்தாங்களா?"

கரண்டி சமையலறைக்குத் திரும்பியது.

வெனிஸ்காரர்கள் கப்பல்களை 40 நாள் கரையேற விடாமல் நிறுத்தினார்கள். குவாரண்டைன் என்ற சொல்லே அந்த நாற்பதிலிருந்து வந்தது. நமக்கு மண்டலம் என்றால் 48. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் ஜனங்களை நோய்க்குப் பயந்து அடைத்துவைத்தது மண்டபம் கேம்ப்பில். பிற்பாடு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகள் அங்கேதான் இருந்தது என்பதை நினைத்தால், இந்த மீனுக்கும் அந்த ஊருக்கும் ஏதோ பூர்வஜென்ம பந்தம். தாமிரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி நான் அதற்குப் போட்டது 30 நாள். துள்ளி வெளியே விழாமலிருக்க மேலே ஜன்னல் கொசுவலை. அந்த ஜன்னல் வழியாக வந்த கொசுக்களுக்கு நாங்கள் உணவு. மீனுக்கு உறைந்த இறால்குஞ்சு.

முப்பதாம் நாள் ராத்திரி. வலையால் துரத்தினால் இது அகப்படாது. தூங்கும்போது கட்டிலோடு தூக்க வேண்டியதுதான். டப்பாவை மூடி, வாளிக்குள் வைத்து, மணலை மெல்ல அளைந்தேன். உள்ளங்கையில் மஞ்சளாக ஏதோ துடித்தது. பெரிய தொட்டியில் விட்டேன்.

"வந்துடுச்சு, ஓடி வாங்க!" என்று கத்தினேன். மனைவி வந்தாள், அம்மா வந்தாள்.

தொட்டியில் ஆறு சென்டிமீட்டர் மணல் சமதளமாக, அழகாக இருந்தது.

அம்மா அதையும், வாளியில் கிடந்த டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "இது இனிமே மாவுக்கு ஆகாது. எனக்குச் சர்க்கரை இருந்தா இருந்துட்டுப் போகுது, நாளைக்கு வெனிலா ஒரு டப்பா வாங்கிட்டு வாடா."