அகம், புறம், 192.168.1.1

வீட்டு பிராட்பேண்ட் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் தமிழாய்வு உலகம் போதிய அளவு பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. அக்குறையைப் போக்க இக்கட்டுரை முற்படுகிறது. ஆய்வெல்லை: ஹாலில் டிவிக்குப் பக்கத்துச் சுவரில் இரண்டு ஸ்க்ரூவில் தொங்கும், ஃபைபர் இணைப்புள்ள ஒரு வெள்ளைப் பெட்டி. முதன்மைச் சான்று: பெட்டியின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கர். துணைமைச் சான்று: இணைப்புக் கொடுக்க வந்த தம்பி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்ன, "சார், உள்ள போயி எதையும் தொட்டுறாதீங்க" என்ற வாய்மொழி வழக்காறு.

ஸ்டிக்கரைப் படிப்பதே தனிக் கலை. பெட்டியைக் கழற்றிக் கவிழ்த்து செல்போன் டார்ச்சை அடித்தால், பொடி எழுத்தில் ஓர் ஐபி முகவரி, ஒரு யூசர்நேம், ஒரு பாஸ்வேர்டு. அதில் இருப்பது பூஜ்யமா ஆங்கில ஓவா, ஒன்றா சின்ன எல்லா என்பதில் பாடபேதம் உண்டு. ஓலைச்சுவடியிலும் புள்ளி இராது, ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவில் கிடக்கும். பதிப்பாசிரியர்கள் இடம் நோக்கிப் பொருள் கண்டார்கள். ரவுட்டர் பாஸ்வேர்டுக்கு இடமும் இல்லை, பொருளும் இல்லை. மாற்றி மாற்றி அடித்துப் பார்க்க வேண்டியதுதான். இதற்கிடையே, கவிழ்த்த வேகத்தில் ஃபைபர் ஒயர் ஒடிய மடங்கினால் ஒளி வழியிலேயே கசிந்துபோய், எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாகக் கண் சிமிட்டும். இழைக்குள் வருவது 1490 நானோமீட்டர் ஒளி. மனிதக் கண்ணுக்குத் தெரியாதது. எனவே கசிந்ததைக் கண்ணால் கண்ட சாட்சி எந்த வீட்டிலும் கிடைப்பதில்லை.

இனிக் கருதுகோள். செட்டிங்ஸ் பக்கத்தில் 'வான்' என்று தலைப்பிட்ட பகுதி புறத்திணை. 'லேன்' என்று தலைப்பிட்டது அகத்திணை. அகப்பாட்டில் தலைவனையோ தலைவியையோ பெயர் சொல்லிச் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. 1996 பிப்ரவரியில் வெளிவந்த ஆர்எஃப்சி 1918 என்னும் நூல் அதே விதியை எண்ணுக்குச் செய்தது. 10 என்று தொடங்குவன, 172.16 முதல் 172.31 வரை தொடங்குவன, 192.168 என்று தொடங்குவன ஆகிய முகவரிகள் உள்ளே மட்டும் வழங்கும், வெளியே செல்லா. ஆகவே அம்பாசமுத்திரத்திலும் 192.168.1.1 உண்டு, ஆவடியிலும் உண்டு, ஒன்றையொன்று அறியா. அகத்திலிருந்து புறம் போகும் ஒவ்வொரு செய்தியிலும் உள்முகவரியை எடுத்துவிட்டு வெளிமுகவரியை எழுதி அனுப்புவதும், பதில் வந்தால் உரியவரிடம் சேர்ப்பதும் நேட் என்னும் தோழியின் பணி. 1994இல் வகுக்கப்பட்ட இத்தோழி, அத்தை பார்க்கும் சீரியலைக் கொண்டுபோய்ப் பேரனின் கேமுக்குள் போட்டதாகப் புகார் வந்ததில்லை.

உள்ளே யாருக்கு எந்த எண் என்று முடிவு செய்வது டிஎச்சிபி. புதிதாக வந்த போன், "யாராச்சும் இருக்கீங்களா" என்று வீடு முழுக்கக் குரல் கொடுக்கும். ரவுட்டர், "இந்த நம்பர் காலியா இருக்கு" என்னும். "அப்ப அதையே குடுங்க." "சரி, எடுத்துக்கோ." நாலே வாக்கியம், அட்வான்ஸ் இல்லை, புரோக்கர் இல்லை. தங்கும் காலம் மட்டும் உண்டு. பல பெட்டிகளில் அது 86400 என்று நொடிக்கணக்கில், அதாவது ஒரு நாளாக எழுதியிருக்கும். அதில் பாதி கழிந்ததுமே போன் தானாகப் போய்ப் புதுப்பித்துத் தரச் சொல்லிக் கேட்கும். பதினொரு மாத அக்ரிமென்ட் எப்போதோ முடிந்துபோக, ஹவுஸ் ஓனர் கண்ணில் படாமல் மாடிப்படி இறங்குகிறவர்கள் இந்த நாகரிகத்தைக் கவனிக்கலாம். 192.168.1.2 முதல் 254 வரை 253 எண்கள் கைவசம் இருக்கின்றன. வீட்டில் இருப்பதோ நாலு பேர், ஆறு போன், ஒரு டிவி, யாரும் ஆன் செய்யாத ஒரு பிரிண்டர்.

ஆய்வின் நடுப்பகுதி எஸ்எஸ்ஐடி, அதாவது வைஃபையின் பெயர். அகமரபு உடைவது இங்கேதான். நெடுநல்வாடை பிரிவுத் துயரைப் பாடினாலும், வேலின் தலையில் கட்டிய வேம்பு பாண்டியனின் அடையாளம் என்பதால் அது புறப்பாட்டே என்று நச்சினார்க்கினியர் தீர்ப்புச் சொன்னார். வேப்பந்தழைக்கே அந்தத் தண்டனை என்றால், 'குமார் செகண்ட் ஃப்ளோர்' என்று நொடிக்குச் சுமார் பத்து முறை தெருவுக்கே அறிவிக்கும் பெட்டியை எந்தத் திணையில் வைப்பது? பெயரை மறைக்கும் வசதி செட்டிங்ஸில் உண்டே எனின், உண்டு, பயனில்லை. என்னை? மறைத்த பெயரை, இணைய வரும் போன்கள் தாமே வாய்விட்டுச் சொல்லித் தேடுமாதலின் என்க.

பெயரைத் தமிழிலேயே வைக்க விரும்புவோர்க்கு ஓர் எச்சரிக்கை. எஸ்எஸ்ஐடிக்கு இடம் 32 பைட். யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் பிடிக்கும். மேலே வைக்கும் புள்ளிக்கும், பக்கத்தில் நிற்கும் துணைக்காலுக்கும், கொம்புக்கும் தனித்தனியே மூன்று. 'சிவமயம்' 21 பைட்டில் அடங்கிவிடும். 'முருகன் துணை' 34. இரண்டே பைட்டில் தப்பிப்போகும். 'பெருமாள் துணை' 37 என்பதையும் நடுநிலை கருதிப் பதிவு செய்கிறேன். தனித்து நின்றால் முருகனும் அடங்குவார், பெருமாளும் அடங்குவார். துணைக்குத்தான் இடம் இல்லை.

பாஸ்வேர்டில் தமிழுக்கு வழியே இல்லை. எட்டு முதல் 63 வரையான ஆங்கில எழுத்துகளும் எண்களும் குறிகளும் மட்டுமே. நடைமுறையில் அது மூத்த பிள்ளையின் பெயரும் பிறந்த வருஷமும் சேர்ந்தது. இளைய பிள்ளையின் மனத்தாங்கலுக்கு இதுவும் ஒரு காரணம். விருந்தாளிகளுக்கென்றே 'கெஸ்ட் நெட்வொர்க்' என்று தனியே ஒன்று செட்டிங்ஸில் உண்டு. வந்தவர்கள் இணையத்தைப் பயன்படுத்தலாம். வீட்டுப் பிரிண்டரையும் கம்ப்யூட்டரையும் எட்ட முடியாது. பாதுகாப்பு நோக்கில் மிகச் சிறந்த ஏற்பாடு. இதை ஆன் செய்த குடும்பம் எதுவும் என் களப்பணியில் அகப்படவில்லை. காரணம் வெளிப்படை: சம்பந்தி வீட்டார் வந்து உட்கார்ந்து, "மாப்ள, வைஃபை என்ன?" என்று கேட்கையில், அவர்களுக்கென்று தனி லைன் வைத்திருப்பது தெரிந்தால் அடுத்த விசேஷத்துக்கு யாரும் வரமாட்டார்கள்.

சேனல் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2.4 கிகாஹெர்ட்ஸில் நம் நாட்டில் 13 சேனல்கள் பட்டியலில் இருக்கும். ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நிற்பவை 1, 6, 11 என்ற மூன்றே. அடுக்குமாடியில் அத்தனை வீடும் அந்த மூன்றிலேயே நெருக்கியடிக்க, மைக்ரோவேவ் அடுப்பும் 2.45இல் வந்து இடித்துக்கொள்ளும். 5 கிகாஹெர்ட்ஸ் விசாலமானது, ஆனால் செங்கல் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். அதன் பெயருக்குப் பின்னால் '5ஜி' என்று ஒட்டியிருப்பதைப் பார்த்து, செல்போன் டவர்தான் வீட்டுக்குள் வந்துவிட்டது என்று நம்பும் பெரியப்பாக்களைத் திருத்துவது இந்த ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

நெட் நின்றுபோனால் என்ன செய்வது என்பதில் இரு கொள்கையினர் உளர். தொடாதோர் கொள்கை, இணைப்புக் கொடுத்த தம்பியை முதல்வராகக் கொண்டது. அணைத்துப் போடுவோர் கொள்கைக்கு முதல்வர் வீட்டு அம்மா. ஃபேன் ரெகுலேட்டர், மிக்ஸி, ரவுட்டர் மூன்றுக்கும் ஒரே வைத்தியம். வியப்பு என்னவென்றால், இரண்டாம் தரப்பே பெரும்பாலும் வெல்கிறது. பிபிபிஓஇ என்னும் முறையில் ரவுட்டர் தன் யூசர்நேமைச் சொல்லி நிறுவனத்திடம் உள்ளே நுழைகிறது. அந்தப் பேச்சு நடுவில் அறுந்து, இரு பக்கமும் அறுந்தது தெரியாமல் காத்து நிற்பதுண்டு. அணைத்துப் போட்டால் முதலிலிருந்து பேசும். அம்மாவுக்கு இந்தக் கோட்பாடு தெரியாது. தெரிந்தாலும் சுவிட்சைத்தான் தட்டுவார்.

மூன்றாம் தரப்பு ஒன்றும் உண்டு: காலேஜ் போகும் அண்ணன் மகன். அவன் டிஎன்எஸ் கட்டத்தில் 2009இல் வந்த 8.8.8.8 அல்லது 2018 ஏப்ரல் முதல் தேதி வந்த 1.1.1.1 என்று போட்டுவிட்டு, வேகம் இரண்டு மடங்கு ஆகிவிட்டது என்பான். தளத்தின் பெயருக்கு எண்ணைத் தேடும் நேரம் கொஞ்சம் குறையலாம்; படம் இறங்கும் வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இருந்தாலும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடவிட்டுக் காட்டினால் சித்தப்பாக்கள் மறுபேச்சுப் பேசுவதில்லை.

இதுவரை நிறுவிய கருதுகோளுக்கு ஒரு தடை எழுகிறது. மறைப்பது ஆய்வு நேர்மை ஆகாது. ஐபி நான்காம் பதிப்பில் மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள். உலகப் பொதுக் களஞ்சியத்தில் கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்துபோனது. 2012 ஏப்ரலில், 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்கள், இணைப்புக் கொடுக்கும் நிறுவனங்கள் தங்களுக்குள் வழங்கிக்கொள்வதற்கென்று ஒதுக்கப்பட்டன. செட்டிங்ஸில் ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறந்து 'வான்' முகவரியைப் பார்க்கவும். அங்கே 100.64 என்றோ 100.92 என்றோ இருந்தால், நாம் புறம் என்று நம்பியது நிறுவனத்தாரின் அகம். நிஜமான பொதுமுகவரி ஒன்று எங்கோ அவர்களிடம் இருக்கிறது. பல வீடுகள் அதற்குள் கூட்டுக்குடித்தனம் நடத்துகின்றன. இந்நிலையில் 'போர்ட் ஃபார்வர்டிங்' பக்கத்தில் ராத்திரி முழுக்கக் கண்விழித்து எண்களை நிரப்பினாலும், வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவை நேரே எட்ட முடியாது. நம் கதவைத் திறந்துவைத்தாலும் மேலே இன்னொரு கதவு பூட்டியிருக்கிறது. ஸ்டாட்டிக் ஐபி என்று கேட்டு, மாதாமாதம் தனியே பணம் கட்டினால் அது திறக்கலாம்.

எஞ்சியது ரீசெட் துளை. ஊசி நுழையும் அளவே இருக்கும். பத்து நொடி அழுத்தினால் பெயர், பாஸ்வேர்டு, டிஎன்எஸ் எல்லாம் போய்ப் பெட்டி பிறந்த நாளுக்குத் திரும்பும். கூடவே பிபிபிஓஇ யூசர்நேமும் விலேன் எண்ணும் போய்விடும் என்பதை, அண்ணன் மகன் அழுத்தி முடித்த பிறகே குடும்பம் அறிகிறது. அந்த இரண்டும் ஸ்டிக்கரில் இல்லை. தம்பிக்குப் போன் போட்டால், "என்கிட்ட எழுதி வெச்சிருக்கேன் சார், நாளைக்கு வரேன்" என்கிறார். அதுவரை பால்கனி ஓரம் நின்றால் பக்கத்து வீட்டு 'சிவமயம்' இரண்டு கோடு காட்டுகிறது, பூட்டுக் குறியோடு. போன தீபாவளி வெடிக் குப்பை விஷயத்திலிருந்து அவர்களோடு பேச்சுவார்த்தை இல்லை. பாஸ்வேர்டு கேட்க யாரை அனுப்புவது என்பதில் ஆய்வுக்குட்பட்ட குடும்பத்தில் ஒருமித்த கருத்து இன்னும் எட்டப்படவில்லை.