மூங்கிலாக வளைய வேண்டுமாம்

நர்ஸிங் படிக்கிற பிள்ளைகளிடம் என்ன குறை என்று கடைசியில் கண்டுபிடித்துவிட்டார்கள். மீள்திறன் இல்லையாம். ஹாஸ்டலில் தண்ணீர் இல்லை, வார்டில் கையுறை இல்லை, பக்கத்தில் நின்று சொல்லித்தர ஆள் இல்லை. அதெல்லாம் குறையில் சேர்த்தி இல்லை.

என் மகள் படிக்கும் கல்லூரியில் போன மாதம் இதற்கென்று ஒரு பயிலரங்கம். தலைக்கு 200 ரூபாய். வராதவர்களுக்கு இன்டர்னல் மார்க் குறையும் என்று வாட்ஸ்அப்பில் அன்பான அழைப்பு. மனஅழுத்தத்தைப் போக்கும் நிகழ்ச்சிக்கு இதைவிடப் பொருத்தமான பத்திரிகை அடிக்க முடியுமா?

பெற்றோரும் வரலாம் என்றதால் போய் உட்கார்ந்தேன். ஒன்பது மணிக்கு என்றார்கள். சிறப்பு விருந்தினர் வந்தபோது பத்தே முக்கால். நைட் டூட்டி முடித்த மூன்றாமாண்டுப் பிள்ளைகள் வார்டிலிருந்து நேராக வந்திருந்தார்கள், பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல். எனக்கு முன்னால் இருந்த பெண்ணின் இடது உள்ளங்கையில் நீல மையில் எழுத்து: பெட் 12, பி.பி. 150/90. கேர் பிளானில் ஏற்றுவதற்காகக் குறித்து வைத்திருந்தாள். அவள் தலை சாயும்போதெல்லாம் ஒரு மேடம் வந்து தோளில் தட்டிவிட்டுப் போனார்.

இரவில் அந்த வார்டுக்கு ஒரே ஒரு ஸ்டாஃப் நர்ஸ். மற்றதெல்லாம் இந்தப் பிள்ளைகள் தலையில். முதலாளிக்கு ஃபீஸும் கட்டி வேலையும் பார்த்துத் தரும் ஆட்கள் வேறெந்தத் தொழிலில் கிடைப்பார்கள்? கிளினிக்கல் போஸ்டிங் என்று பெயர் வைத்துவிட்டால் சம்பளப் பேச்சே கிடையாது.

“புயலில் ஆலமரம் சாயும், மூங்கில் வளைந்து நிமிரும். நீங்கள் மூங்கிலாக இருக்க வேண்டும்” என்றார் விருந்தினர். ஒரே கைதட்டல். மூங்கிலை வெட்டித்தான் பாடை கட்டுகிறார்கள் என்பது ஞாபகம் வந்தது. நல்ல காரியம் நடக்கிற இடம், வாயை மூடிக்கொண்டேன்.

தாங்க முடியாமல் யாராவது படிப்பை விட நினைத்தால்? ஒரிஜினல் சான்றிதழ்கள் ஆபீஸ் பீரோவுக்குள். மிச்ச வருஷத்துக்கும் பணத்தைக் கட்டிவிட்டு வாங்கிக்கொள்ளலாம். பிறகு மீள்திறன் தானாக வந்துவிடாதா?

படித்து முடித்தவர்களும் வளைந்துகொண்டேதான் இருக்கிறார்கள். 2015-இல் தேர்வெழுதி அரசு மருத்துவமனைக்குப் போனவர்களுக்கு அப்போது தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் தரையில் உட்கார்ந்துதான் நியாயம் கேட்க வேண்டியிருந்தது. தனியாரில், 50 படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனைகூட 20,000 ரூபாயாவது தரவேண்டும் என்று உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் அமைந்த குழு 2016-இல் பரிந்துரைத்தது. இந்த நாட்டிலேயே மீள்திறன் அதிகம் உள்ளது அந்தக் காகிதத்துக்குத்தான். இன்னும் மடிப்புக் கலையவில்லை.

“சார், நைட் டூட்டிக்கு மறுநாள் லீவு கிடைக்குமா?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். “பாசிட்டிவா கேளும்மா!” என்று சிரித்தார் விருந்தினர். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து மேடையும் சிரித்தது.

கடைசியில் ஒரு படிவம் கொடுத்தார்கள்: இப்போது எவ்வளவு வலிமையாக உணர்கிறீர்கள், 1 முதல் 5 வரை. முன்னால் இருந்த பெண் 5-ஐச் சுழித்தாள். பன்னிரண்டாம் பெட்டின் பி.பி. அழிந்துவிடாமல் இடது கையை விரித்தே வைத்துக்கொண்டு, “ஆன்ட்டி, மணி என்ன?” என்றாள். இரண்டு மணிக்கு அவளுக்கு ஈவ்னிங் டூட்டி.